ராக்கெட் மூக்கில் நான் அடுக்கிய செம்பு முடி

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். மரக்காணத்து உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்மேடு உண்டு. அந்த வருஷம் பொங்கல் கழிந்து பத்து நாளில் அங்கே லாரி லாரியாகத் தகரமும் சிமென்ட்டும் வந்து இறங்கின. ராக்கெட் விடப் போகிறார்கள் என்று சொன்னார்கள். எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த ராக்கெட் எல்லாம் தேர்த் திருவிழாவில் விடுகிற வாணம்தான். அதனால் அந்த இடத்துக்கு வாணக் கம்பெனி என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் அது கம்பெனி இல்லை, கவர்மென்ட்டு. மழைக்காலம் வருகிற வரைக்கும் மட்டும் போட்ட கேம்ப்.

நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். புது ஆட்களைப் பார்த்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற சுபாவம். என் வீட்டுக்காரருக்கு உப்பளத்தில் வேலை, எனக்கும் அதுதான். எங்கள் மூத்த மச்சாண்டார் பெண்சாதி, அதாவது என் ஓரகத்தி, எனக்கு நேர் எதிர். அவள் வாய்க்கு ஊரே பயப்படும். நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். கேம்ப்பில் பெண்களை வேலைக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான்.

அங்கே பன்னிரண்டு பெண்கள் நின்றோம். ராக்கெட்டைத் தயார் பண்ணுகிற ஷெட்டுக்குப் பொறுப்பாக ஒரு ஃபோர்மேன் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முப்பது வயது இருக்கும். அவர் ஒரு கண்ணாடித் தட்டில் செம்புக் கம்பிகளைக் கொட்டி வைத்தார். கம்பி என்று சொல்லக் கூடாது, தலைமுடியைவிட மெல்லிசு. ஒவ்வொன்றும் ஒரு விரல்கணு நீளம். அதை இன்னொரு தட்டுக்கு மாற்ற வேண்டும், ஒன்று கூடக் கீழே விழக் கூடாது, வளையக் கூடாது. இதுதான் பரீட்சை.

எனக்கு முன்னால் போன பெண்கள் எல்லாம் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் செய்தார்கள். வாயைத் திறந்தாலே அந்தக் காற்றுக்குச் செம்பு பறந்தது. எனக்கு ஆம்பிளைகள் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் மூச்சே வரவில்லை. மூச்சுவிடாததால் ஒன்றும் பறக்கவில்லை. அப்படித்தான் நான் தேறினேன். அக்கா வாயில் துணியைக் கட்டிக்கொண்டு தேறினாள். மற்றவர்களைத் தண்ணீர் தூக்கவும் மண் கொட்டவும் எடுத்துக்கொண்டார்கள்.

செம்பு அடுக்குகிற ரூமுக்குள் போவதற்கு முன் வளையலைக் கழற்ற வேண்டும் என்றார் ஃபோர்மேன். நான் அப்படியே நின்றுவிட்டேன். அக்கா விடவில்லை.

"எங்க வூட்டு ஆம்பளைங்க உசுரோட இருக்காங்க சார். வாணம் வுடறதுக்காக வளையலக் கழட்டணுமா?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கடைசியில் வளையலை மேலே ஏற்றி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று.

வேலை என்னவென்று சொல்கிறேன். ராக்கெட் பெரிசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழம், பருமன் அடிபம்புக் குழாயைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மருந்து அடைத்த பாகம் தனி ஷெட்டில், மணல் மூட்டைக்குள் இருக்கும். அங்கே நாங்கள் போகக் கூடாது. எங்களுக்கு மூக்குப் பாகம். அட்டைக் குழாய்க்குள் செம்பு முடியைப் படுக்கைவசமாக, ஒரே திசையில், வரிசை வரிசையாக அடுக்க வேண்டும். லட்சக்கணக்கில் இருக்கும் என்று ஃபோர்மேன் சொல்லுவார். அடுக்கி முடித்த குழாயை மூக்குக்குள் இறக்கி, சுற்றி ஆறு திருகாணியை முடுக்க வேண்டும். முதலில் அவர் முடுக்கினார். பிறகு என்னையே முடுக்கச் சொன்னார். எத்தனை சுற்று, எந்த இடத்தில் நிறுத்தணும் என்பதெல்லாம் கை பழகிவிட்டது.

இது எதற்கு என்று ஒருநாள் அவரே சொன்னார். ராக்கெட் உச்சிக்குப் போனதும் மூக்குத் திறந்துகொள்ளும். செம்பு முடி எல்லாம் சிதறி மேகம் மாதிரி நிற்கும். கீழே லாரியில் ஏற்றி வைத்திருக்கிற ரேடார் அந்த மேகம் எந்தப் பக்கம் நகருகிறது என்று பார்க்கும். அத்தனை உயரத்தில் காற்று எப்படி ஓடுகிறது என்று தெரியும். புயல், மழை சொல்கிறவர்களுக்கு அது உதவும். எனக்கு அது சட்டென்று புரிந்தது. உப்பு வாருகிற நேரத்தில் வேண்டாத மழை ஒரு தரம் வந்தால் பாத்தியில் இருக்கிற உப்பு முழுக்கக் கரைந்து போகும். மேலே காற்று என்ன பண்ணுகிறது என்று தெரிந்துகொள்ள யாருக்கு ஆசை இல்லாவிட்டாலும் எங்களுக்கு உண்டு.

முதல் ராக்கெட்டுக்கு ஃபோர்மேனே அடுக்கினார். நன்றாகப் போயிற்று. இரண்டாவதற்கு நானும் அக்காவும் அடுக்கினோம். அதுவும் சரியாகப் பரவியது. ஃபோர்மேன் எங்களுக்கு ஆளுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாவது போனது பங்குனியில். மேலே போனதில் குறை இல்லை. ஆனால் ரேடாரில் மேகம் தெரியவில்லை. ஒரே கட்டியாகத் தெரிந்து, கட்டியாகவே கீழே இறங்கிவிட்டது என்றார்கள். பதினைந்து நாள் கழித்து விட்ட நான்காவதும் அப்படியே.

கேம்ப்புக்குத் தலைமையாக இருந்தவரைப் பெரிய சார் என்று சொல்லுவோம். கண்ணாடி போட்டவர், அதிகம் பேச மாட்டார். மிச்சம் இருந்த ஒரு குழாயைப் பிரித்து வெள்ளைக் காகிதத்தில் தட்டிப் பார்த்தார்கள். செம்பு தனித்தனியாக உதிராமல், பன்னிக் குட்டி முடி மாதிரி கொத்துக் கொத்தாக விழுந்தது. கடல் ஈரம் ஏறிவிட்டது, ரூம் கதவை யாரோ திறந்து போட்டிருக்கிறார்கள் என்று முடிவு பண்ணினார்கள். மேலிடத்திலிருந்து தந்தி வந்தது. மிச்சம் ஒரு ராக்கெட்டுக்கான செம்புதான் இருக்கிறது, அதுவும் கெட்டால் கேம்ப்பைக் கட்டிக்கொண்டு கிளம்பணும், பொறுப்பானவர் யார் என்று எழுதி அனுப்பணும் என்று. பொறுப்பானவர் என்றால் ஃபோர்மேன்தான். ஒவ்வொரு தடவையும் 'சரிபார்த்து அடைத்தவர்' என்ற இடத்தில் அவர்தான் கையெழுத்துப் போடுவார். அந்த வருஷம்தான் அவருக்கு வேலை நிரந்தரம் ஆக வேண்டியது. குறை எழுதிப் போனால் நிரந்தரம் இல்லை, வேலையே இல்லை என்று கேம்ப் முழுக்கப் பேச்சாக இருந்தது. அவர் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

அந்தக் கொத்துகளை வெயிலில் காய வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தார்கள். வெளியே மணலில் காகிதம் விரித்துக் காய வைத்தேன். சித்திரை வெயில், கேட்க வேண்டுமா? ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று. கொத்து கொத்தாகவே இருந்தது.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஈரத்தைப் பற்றி எனக்குத் தெரியும். ஈரம் பட்ட உப்பு கட்டிப் போகும், வெயில் பட்டால் பிரிந்து பொலபொலவென்று ஆகிவிடும். இது பிரியவில்லை. அப்படியானால் ஈரம் இல்லை. ஒரு கொத்தை எடுத்து விரலில் தேய்த்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். சிக்கு வாடை அடித்தது. எங்கள் வீட்டு மல்லாட்டை எண்ணெய், கடலை எண்ணெய்.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கையும் காலும் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்புக்குள் உப்புத் தண்ணீர் போனால் உயிர் போகும். அதனால் மல்லாட்டைக் கடலை ஆட்டின எண்ணெயை ராத்திரியும் காலையும் வெடிப்புக்குள் இறங்கும்படி தேய்த்துக்கொள்வோம். பாத்தியில் இறங்குகிற எல்லோருக்கும் இது பழக்கம். மாசி வரைக்கும் நானும் அக்காவும் கேம்ப்புக்கு மட்டும்தான் போனோம். பங்குனியில் உப்பு நன்றாக விளைந்து ஆள் போதாமல் போனது. அதனால் விடிகாலையில் உப்பளத்தில் இரண்டு மணி நேரம் உப்பு வாரிவிட்டு, கை கால் கழுவி, எண்ணெய் தேய்த்துக்கொண்டு, கேம்ப்புக்கு ஓடினோம். அங்கே சோப்புப் போட்டுத்தான் கழுவுவோம். ஆனால் மேலே இருக்கிற எண்ணெய்தான் போகும், வெடிப்புக்குள் இறங்கினது போகாது. காற்றாடி இல்லாத தகர ரூம் அது. வெக்கை ஏற ஏற உள்ளே இருக்கிற எண்ணெய் கசிந்து விரலுக்கு வரும். நாங்கள் தொட்ட செம்பு எல்லாம் ஒட்டிக்கொண்டது அதனால்தான்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள்.

"நீ ஏன்டி வாயக் குடுத்து மாட்டிக்கற? அவங்களே ஈரம்னு சொல்லிட்டாங்க. ஈரமாவே இருந்துட்டுப் போவட்டும். நாளையிலேர்ந்து எண்ணெய் தேய்க்காம வருவோம், அவ்ளோதான்."

அந்த மனுஷன் வேலை போய்விடுமே என்றேன். அவர் படித்தவர், வேறு வேலை கிடைக்கும், நமக்கு யார் கொடுப்பார்கள் என்றாள். என் வீட்டுக்காரரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். கவர்மென்ட்டு சாமானைக் கெடுத்தேன் என்று நீயே போய்ச் சொன்னால் போலீஸில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று பயந்தார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

மறுநாள் காலையில் நான் அளத்துக்குப் போகவில்லை, கேம்ப்புக்குத்தான் போனேன். ஆனால் வழக்கம்போல் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போனேன். ஏன் என்று வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ரூமில் ஃபோர்மேன் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே காகிதம். பெரிய சார் பக்கத்தில் நின்றார்.

"கதவு திறந்து கெடந்ததுன்னு எழுதுங்க. வேற என்ன எழுதறது?"

"நான் தெறந்து போடல சார்."

"அப்ப ஈரம் எப்படி வந்தது?"

ஃபோர்மேன் பேனாவைத் திறந்தார்.

நான் உள்ளே போனேன். யாரும் கூப்பிடவில்லை. சார் என்று சொல்லலாம் என்று பார்த்தால் தொண்டையில் சத்தமே வரவில்லை. இரண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். எனக்கு அழுகை முட்டுகிறது. பரீட்சை வைத்த அந்தக் கண்ணாடித் தட்டு ஓரமாக இருந்தது. அதை எடுத்து மேசையில் வைத்தேன். சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, துடைத்து, உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து ஊன்றி அழுத்தினேன். கையை எடுத்துவிட்டு, கழித்துப் போட்டிருந்த செம்புத் துணுக்கிலிருந்து ஒரு பிடி எடுத்து மேலே தூவினேன். பிறகு தட்டைச் சாய்த்தேன்.

செம்பு எல்லாம் சரசரவென்று சரிந்து கீழே கொட்டிவிட்டது. என் கை பதிந்த இடத்தில் இருந்தது மட்டும் போகவில்லை. ஐந்து விரல், உள்ளங்கை, நடுவில் ஓடுகிற ரேகை வரைக்கும் செம்பில் வார்த்த மாதிரி நின்றது.

அப்போதுதான் எனக்குப் பேச்சு வந்தது.

"ஈரம் இல்லீங்க சார். எண்ணெய்ங்க. என் கையிலேர்ந்து வந்துதுங்க."

பெரிய சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். நீ கை கழுவினதை நான் பார்த்தேனே என்றார். நான் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினேன். பாளம் பாளமாக வெடித்திருந்ததை அவர் குனிந்து பார்த்தார். ஃபோர்மேன் எழுந்துவந்து தன் கையையும் கழுவிக் கண்ணாடியில் அழுத்தி, செம்பைத் தூவிச் சாய்த்தார். ஒன்று கூட ஒட்டவில்லை.

வாசலில் வளையல் சத்தம் கேட்டது. அக்கா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. விறுவிறுவென்று உள்ளே வந்து, கையைக் கழுவி, கேட்காமலே கண்ணாடியில் அழுத்தினாள்.

"அவ மட்டும் இல்ல சார். ரெண்டு பேரும் ஒரே சட்டி எண்ணெய்தான். அனுப்பறதா இருந்தா ரெண்டு பேரையும் சேத்தே அனுப்புங்க."

அவள் கையும் செம்பில் நின்றது. பெரிய சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனுஷன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

போலீஸும் வரவில்லை, யாரும் திட்டவும் இல்லை. ஆனால் மிச்சம் இருக்கிற செம்பை அடுக்க டவுனிலிருந்து படித்த பெண்களை வரவழைக்கலாமா என்று பேச்சு வந்தது. ஃபோர்மேன் ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை பேர் தேடியும் கிடைக்காததைக் கண்டுபிடித்தது இந்தப் பிள்ளைதான், இதுவே அடுக்கட்டும் என்றார். பெரிய சார் ஒரு வாரம் டைம் கொடுத்தார்.

அந்த ஒரு வாரம் நாங்கள் அளத்துப் பக்கம் போகவில்லை, எண்ணெயைத் தொடவில்லை. தினமும் மூன்று வேளை சீயக்காயும் சாம்பலும் போட்டுத் தேய்த்தோம். தினமும் காலையில் கண்ணாடியில் கை வைத்துச் செம்பு தூவிப் பார்ப்போம். முதல் நாள் கை முழுக்க நின்றது. மூன்றாம் நாள் விரல் நுனி மட்டும். ஐந்தாம் நாள் அக்காவுக்கு ஒன்றும் நிற்கவில்லை. எனக்குக் கட்டை விரலில் மட்டும் ஒரு கீற்று. ஆறாம் நாள் அதுவும் இல்லை. எண்ணெய் இல்லாமல் வெடிப்பு வாய் பிளந்துகொண்டு, சோற்றில் கை வைத்தால் குழம்பு பட்டு எரியும். ரத்தம் கசிகிற இடத்தில் மெல்லிசான வேட்டித் துணியை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு அடுக்கினேன். வலித்தது. ஆனால் ஒரு முடி கூட வளையவில்லை.

குழாய் நிறைந்தது, மூக்கில் இறக்கினேன், ஆறு திருகாணியும் முடுக்கினேன். ஃபோர்மேன் அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தார். அவர் கையெழுத்துப் போடுவார் என்று நான் நகர்ந்து நின்றேன். அவர் பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"இந்த வாட்டி நீ போடும்மா. அடைச்சது நீ."

வேண்டாம் சார் என்று பின்னால் போனேன். கெட்டுப் போனால் என் பெயர் அல்லவா மேலிடத்துக்குப் போகும்? அவர் பேனாவை மூடவே இல்லை, நீட்டியபடியே நின்றார். அஞ்சாம் வகுப்போடு விட்ட கையெழுத்து. எழுத்துக் கூட்டித் தமிழில் என் பெயரை எழுதினேன். துணி சுற்றின விரலானதால் கடைசி எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது. கீழே அக்காவும் எழுதினாள்.

அன்றைக்கு மத்தியானம் கடற்கரையில் சிவப்புக் கொடி ஏற்றினார்கள். கொடி ஏறினால் கட்டுமரம் எதுவும் இறங்கக் கூடாது. மீன்காரர்கள், உப்பளத்து ஆட்கள் எல்லோரும் தூரத்து வரப்பில் வரிசையாக நின்றார்கள். என் வீட்டுக்காரரும் அங்கேதான் நின்றார். நாங்கள் மணல் மூட்டைக்குப் பின்னால். ஸ்பீக்கரில் எண்ணிக்கை வந்தது. பூஜ்யம் என்பது காதில் விழவில்லை. தரை அதிர்ந்தது. நான் நிமிர்வதற்குள் ராக்கெட் கடல் பக்கமாகச் சாய்ந்து ஏறிப் போய்விட்டது. வெள்ளைப் புகை மட்டும் கோடு போட்ட மாதிரி நின்றது. வரப்பில் இருந்தவர்கள் விசில் அடித்தார்கள்.

எனக்கு விசில் அடிக்க ஒன்றும் இல்லை. மேலே போவது எப்போதும் போனதுதான். நான் ரேடார் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோர்மேனும் அப்படித்தான். ஒரு நிமிஷம் ஆனது, இரண்டு நிமிஷம் ஆனது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நகம் உள்ளே போனது. பிறகு லாரிக்குள்ளிருந்து பெரிய சார் குரல் கேட்டது. என்ன சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை, இங்கிலீஷ். ஃபோர்மேன் திரும்பினார்.

"பரவிடுச்சும்மா. பரவிடுச்சு."

அவர் கண்ணில் தண்ணீர். பெரிய சார் லாரிக் கதவைத் திறந்து எங்களை உள்ளே வரச் சொன்னார். வட்டக் கண்ணாடியில் பச்சை வெளிச்சம் பொட்டுப் பொட்டாகச் சிதறி நின்றது. இதுதான் நீங்கள் அடுக்கினது என்றார். முன்னே விட்ட எல்லாவற்றையும்விட இதுதான் நன்றாகப் பரவியிருக்கிறது என்றும் சொன்னார். என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. ஆனால் அன்றைக்கு நான் எந்தக் கதவுக்குப் பின்னாலும் போகவில்லை. நிமிர்ந்து நின்று நானும் கும்பிட்டேன்.

வெளியே வந்ததும் அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன்டி, உன் கை ஆகாசம் வரைக்கும் போயிடுச்சு. இனிமே எங்ககூட உப்பு வார வருவியா, இல்ல மேலருந்தே பாப்பியா?"

என் வீட்டுக்காரர் வரப்பில் இருந்து ஓடி வந்தார். ஊர் ஆட்கள் எல்லோருக்கும் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அப்படிச் செய்கிற ஆள் இல்லை.

மேலிடத்திலிருந்து மறுபடியும் செம்பு வந்தது. மழை வருவதற்குள் இன்னும் மூன்று ராக்கெட் விட்டோம், மூன்றும் பரவின. ரூம் வாசலில் அந்தக் கண்ணாடித் தட்டை வைத்து, உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும், பெரிய சாராகவே இருந்தாலும், கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போகணும் என்று எழுதி ஒட்டினார்கள். ஐப்பசியில் கேம்ப்பைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஃபோர்மேனுக்கு வேலை நிரந்தரம் ஆகிவிட்டது என்று ஒரு கார்டு வந்தது. நாங்கள் அளத்துக்குத் திரும்பிவிட்டோம்.

இப்போது டீவியில் ராக்கெட் போவதைக் காட்டும்போது எல்லோரும் நெருப்பைப் பார்க்கிறார்கள். நான் உள்ளே எதையோ அடைத்துவிட்டுத் திருகாணி முடுக்கின கைகளை நினைத்துக்கொள்கிறேன். பேச வாய் வராத நான் அன்றைக்குத் தப்பு என் கையுடையது என்று சொல்லாமல் இருந்திருந்தால், வானத்தில் பரவினதும் என் கை வேலைதான் என்று இந்த வயதில் தலை நிமிர்ந்து எழுத எனக்கு உரிமை இருந்திருக்காது.